செயின்ட் லூயிஸ் டோமை விட்டு அணி ஏன் போனது?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரம் தன் மாநாட்டு மையத்தை ஒட்டியே கூரை போட்ட கால்பந்து அரங்கம் ஒன்றைக் கட்டியது, இருபது ஆண்டுகளில் அணி வேறு ஊருக்குப் போய்விட்டது, கடைசியில் நகரத்துக்குப் பெருந்தொகை கிடைத்தது என்று படித்தேன். உண்மையில் என்ன நடந்தது? மாநாட்டு மண்டபத்தையும் விளையாட்டு அரங்கத்தையும் இப்படிச் சேர்த்துக் கட்டுவது நல்ல யோசனைதானா?"

முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு விடை வழியிலேயே வந்துவிடும். இந்த டோமின் கதையைக் கட்டடத்தின் கதையாகச் சொன்னால் பத்து வரியில் முடிந்துவிடும். குத்தகைப் பத்திரங்களின் கதையாகச் சொன்னால்தான் எது ஏன் நடந்தது என்று விளங்கும். மூன்று குத்தகைகள். ஒன்று வரவிருந்த அணியைத் தடுத்தது, இன்னொன்று விலைக்கு வாங்கிய அணியைக் கொண்டுவர விடவில்லை, மூன்றாவது ஓர் அணியைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுத் தானே வழியனுப்பியும் வைத்தது. (நான் கால்பந்து என்று எழுதுவதெல்லாம் கையில் பந்தை அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து.)

இரண்டு வேலைகளுக்கு ஒரே கட்டடம் என்பது அந்த ஊருக்குப் புதிய பழக்கம் இல்லை. 1934-ல் திறக்கப்பட்ட நகராட்சி அரங்கத்தில் ஒரு பக்கம் சுமார் 9,300 பேர் அமரும் மாநாட்டுக் கூடம், மறுபக்கம் இசை நாடக அரங்கு, இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. பின்னாளில் முன்னாள் மேயர் ஹென்றி கீல் பெயரால் 'கீல் ஆடிட்டோரியம்' ஆனது. செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ் கூடைப்பந்து அணி 1958-ல் தேசியச் சாம்பியன் பட்டத்தை அங்கேதான் வென்றது. 1992-ல் மாநாட்டுக் கூடப் பகுதியை இடித்து, அங்கே கூடைப்பந்துக்கும் ஐஸ் ஹாக்கிக்குமான புதிய அரங்கத்தைக் கட்டினார்கள். நாடக அரங்கு மட்டும் தப்பியது, இன்றும் இயங்குகிறது.

அதற்கு முன்பே நகரத்துக்கு நவீன மாநாட்டு மையம் வேண்டும் என்ற பேச்சு எழுந்திருந்தது. 1965 முதல் 1973 வரை மேயராக இருந்த அல்ஃபோன்சோ செர்வான்டெஸ் பயணிகளை ஈர்ப்பதில் தீராத ஆசை கொண்டவர். நியூயார்க் உலகக் கண்காட்சியில் இருந்த ஸ்பெயின் நாட்டு மண்டபத்தையே பெயர்த்துக்கொண்டு வந்தார். கொலம்பஸின் சாண்டா மரியா கப்பலின் மாதிரியையும் கொண்டுவந்து மிசிசிப்பி ஆற்றில் நிறுத்தினார். கப்பல் 1969-ல் புயலில் அறுத்துக்கொண்டு போய் மூழ்கியது. மண்டபம் ஓட்டலாக மாறியது. அவருடைய கனவுகளில் நிலைத்து நின்றது மாநாட்டு மையம்தான். நகர மையத்தின் வடக்கு ஓரத்தில், ஆற்றங்கரை வளைவுச் சின்னத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், 1977-ல் அவர் பெயரிலேயே திறக்கப்பட்டது.

இனி கால்பந்து. சிகாகோவிலிருந்து 1960-ல் வந்த கார்டினல்ஸ் கால்பந்து அணி, அதே பெயருடைய பேஸ்பால் அணியோடு 1966-ல் திறந்த புஷ் அரங்கத்தைப் பகிர்ந்துகொண்டது. செயின்ட் லூயிஸ் பேஸ்பால் ஊர். கால்பந்து அணி அங்கே இரண்டாம் தாரம்தான். உரிமையாளர் பில் பிட்வில் தனி அரங்கம் கேட்டார். நகரமும் கவுன்டியும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) எங்கே கட்டுவது, யார் பணம் கொடுப்பது என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தன. 1988-ல் அவர் அணியை அரிசோனாவுக்குக் கொண்டுபோய்விட்டார்.

நகரம், கவுன்டி என்று இரண்டாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செயின்ட் லூயிஸ் நகரம் 1876-ல் தன்னைச் சூழ்ந்த கவுன்டியிலிருந்து பாகம் பிரித்துக்கொண்டு தனியாகப் போனது. அன்றைக்கு நகரம் பணக்காரத் தம்பி, கவுன்டி வெறும் வயல்காடு. நூறாண்டில் நிலைமை தலைகீழானது: மக்களும் பணமும் கவுன்டிக்குக் குடிபெயர்ந்தார்கள், பழைய கட்டடங்களும் கடனும் நகரத்தின் கையில் நின்றன. எந்தப் பெரிய வேலைக்கும் இரண்டு பங்காளிகளையும் ஒரே பாயில் உட்கார வைக்க வேண்டும். அதற்காகவே 1989-ல் மிசௌரி மாநில அரசு வட்டார மாநாட்டு, விளையாட்டு வளாக ஆணையம் ஒன்றை உருவாக்கியது. கணக்கு இப்படி: 30 ஆண்டுகளுக்கு மாநிலம் ஆண்டுக்கு 1.2 கோடி டாலர், நகரம் 60 லட்சம், கவுன்டி 60 லட்சம். ஆக மொத்தம் ஆண்டுக்கு 2.4 கோடி. கவுன்டியின் பங்கு ஓட்டல் அறை வரியிலிருந்து. வெளியூரிலிருந்து வந்து தங்குகிறவர் கட்டும் வரி என்பதால் உள்ளூர்க்காரர் அதிகம் முணுமுணுக்க மாட்டார்.

மாநாட்டு மையத்தோடு ஒட்டிக் கட்டியதற்கும் இந்தக் கணக்கே காரணம். ஒரு கால்பந்து அணி தன் ஊரில் விளையாடுவது பயிற்சி ஆட்டங்களையும் சேர்த்து ஆண்டுக்குப் பத்து நாட்கள். பத்து நாளுக்காகச் சுமார் 28 கோடி டாலரில் அரங்கம் என்றால் யாரும் ஓட்டுப் போட மாட்டார்கள். மற்ற நாட்களில் புல்விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டு அதே தளத்தைக் கண்காட்சிக் கூடமாக்கலாம், பக்கத்து மண்டபங்களோடு சேர்த்தால் தொடர்ச்சியாக ஐந்து லட்சம் சதுர அடி கிடைக்கும் என்று சொன்னபோது பேச்சு மாறிவிட்டது. அதற்குப் பெயர் இனி மைதானம் கிடையாது, மாநாட்டு மைய விரிவாக்கம். இந்தப் பெயர் மாற்றத்தில் கொஞ்சம் சாமர்த்தியமும் கொஞ்சம் உண்மையும் இருந்தன என்பேன்.

வேடிக்கை என்னவென்றால், கட்ட ஆரம்பித்தபோது அணியே கிடையாது. மாப்பிள்ளை முடிவாகாமல் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த கதைதான். 1993-ல் தேசியக் கால்பந்து லீக் இரண்டு புதிய அணிகளுக்கு அனுமதி தருவதாக இருந்தது. அரங்கம் எழுந்துகொண்டிருந்த செயின்ட் லூயிஸுக்கு ஒன்று நிச்சயம் என்று எல்லோரும் நம்பினார்கள். புதிய அணிக்கு 'ஸ்டாலியன்ஸ்' என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். ஆனால் முதலீட்டாளர் குழு உடைந்தது. அரங்கத்தின் குத்தகை உரிமையில் பங்கு வைத்திருந்த ஜெர்ரி கிளின்டன் ஒரு பக்கம். கடைசி நேரத்தில் பணத்தோடு வந்த இன்னொரு குழு மறுபக்கம். பணம் இருந்தவரிடம் குத்தகை இல்லை, குத்தகை இருந்தவரிடம் போதிய பணம் இல்லை. லீக் பார்த்தது, அக்டோபரில் சார்லட்டுக்கும் நவம்பரில் ஜாக்சன்வில்லுக்கும் அணிகளைக் கொடுத்துவிட்டது. முதல் குத்தகை செய்த வேலை அது. கடைசி நேரத்தில் வந்த அந்தக் குழுவின் தலைவர் பெயர் ஸ்டான் குரோன்கி. மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது குத்தகை இன்னும் விசித்திரமானது. செயின்ட் லூயிஸ் தொழிலதிபர் ஜேம்ஸ் ஆர்த்வைன் 1992-ல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியை வாங்கியிருந்தார். அதைத் தன் ஊருக்குக் கொண்டுவரும் எண்ணம் அவருக்கு இருந்தது. ஆனால் பேட்ரியட்ஸ் விளையாடிய பாக்ஸ்பரோ அரங்கத்தின் குத்தகை ராபர்ட் கிராஃப்ட் என்பவர் கையில் இருந்தது, அணி அங்கேயே விளையாட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் குத்தகையை விட்டுக்கொடுக்க 7.5 கோடி டாலர் தருவதாக ஆர்த்வைன் சொல்லிப் பார்த்தார். கிராஃப்ட் மறுத்தார், 1994-ன் தொடக்கத்தில் 17.2 கோடி டாலருக்கு அணியையே வாங்கிவிட்டார். பழுதடைந்த ஒரு மைதானத்தின் பத்திரத்தை வைத்துக்கொண்டு, பின்னாளில் லீக்கின் மிகப் பெரிய வெற்றி அணியாகப் போவதை அவர் பிடித்து நிறுத்தினார். பிறகு அவர்கள் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஆறு முறை வென்றார்கள். அதில் முதலாவது, 2002 பிப்ரவரியில், செயின்ட் லூயிஸ் அணியைத் தோற்கடித்து வென்றது.

காலி அரங்கத்தோடு நின்ற ஊர் பதற்றத்தில் இருந்தது. குத்தகை பேசுவதற்கு இதைவிட மோசமான மனநிலை இருக்க முடியாது. முன்னாள் செனட்டர் தாமஸ் ஈகிள்டன் தலைமையில் ஒரு குழு, கலிஃபோர்னியாவின் ராம்ஸ் அணியைப் பிடித்தது. அதன் உரிமையாளர் ஜார்ஜியா ஃபிரான்டியர் செயின்ட் லூயிஸில் பிறந்தவர். மற்ற அணி முதலாளிகள் 1995 மார்ச்சில் இடமாற்றத்தை நிராகரித்தார்கள். ஏப்ரலில் மனம் மாறி ஒப்புக்கொண்டார்கள். அந்த ஆண்டு நவம்பர் 12-ல் டோமில் முதல் ஆட்டம், கரோலினா அணியை ராம்ஸ் வென்றது. குரோன்கி இந்த முறையும் வந்திருந்தார், சிறுபான்மைப் பங்குதாரராக.

கைநழுவிப்போகும் பயத்தில் என்னென்ன கொடுத்தார்கள் பாருங்கள். ஆண்டு வாடகை வெறும் 2.5 லட்சம் டாலர். பயிற்சி வளாகத்தை ஒரு கட்டத்தில் ஒரு டாலருக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. இருக்கைக்கு டிக்கெட் வாங்கும் உரிமையையே தனியாகச் சில நூறு முதல் சில ஆயிரம் டாலர் வரை ரசிகர்களிடம் விற்று, இடமாற்றச் செலவுக்குப் பணம் திரட்டினார்கள். இவை எல்லாவற்றையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உள்ளே உட்கார்ந்திருந்த வெடிகுண்டு வேறு: 2005-லும் 2015-லும் இந்த அரங்கம் லீக்கின் அரங்கங்களில் முதல் கால் பகுதிக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 30 ஆண்டுக் குத்தகை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் குத்தகையாகிவிடும், அணி விரும்பினால் போய்விடலாம்.

இந்த வாசகத்தை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டு வாடகைப் பத்திரத்தில், "பத்தாண்டு கழித்தும் இந்தத் தெருவிலேயே நல்ல எட்டு வீடுகளில் ஒன்றாக இந்த வீடு இருக்க வேண்டும்" என்று குடித்தனக்காரர் எழுதி வாங்கிக்கொண்டது போல. வீட்டைப் பழுது பார்ப்பது உங்கள் கையில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டுவது உங்கள் கையில் இல்லையே. லீக்கில் அணிகள் 32. கால் பகுதி என்றால் எட்டு. 1995-க்குப் பிறகு கட்டியவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன்: ஹூஸ்டன், சியாட்டில் 2002, பிலடெல்பியா 2003, அரிசோனா 2006, இண்டியானாபொலிஸ் 2008, டாலஸ் 2009. இதில் அரிசோனா என்பது முன்பு செயின்ட் லூயிஸை விட்டுப் போன அதே கார்டினல்ஸ். டோம் ஓரடி நகராமலே பட்டியலில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

சரி, நல்ல காலமும் இருந்தது, அதை விட்டுவிட்டால் ஊர்க்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். 1999 பருவத்தில் முக்கிய ஆட்டக்காரர் காயப்பட்டு விழ, மளிகைக் கடையில் இரவு வேலை பார்த்து அடுக்குப் பலகைகளில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்த காலத்தைக் கடந்து வந்த கர்ட் வார்னர் களமிறங்கினார். மூடிய கூரைக்குள், காற்றும் மழையும் இல்லாத வழவழப்பான செயற்கைப் புல்லில், அந்த அணியின் வேகம் எதிராளிகளைத் திணறடித்தது. 2000 ஜனவரியில் அட்லாண்டாவில் டென்னசி அணியை 23–16 என வென்று சூப்பர் பவுல் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் டோமுக்குள் எழுந்த சத்தத்தைக் கேட்டவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசும்போது குரலை உயர்த்துவார்கள்.

இரட்டைக் கட்டடமாகக் கட்டியதன் பலன் முழுதாகத் தெரிந்தது அதற்கு ஓராண்டு முன்பு, 1999 ஜனவரி 27 அன்று. போப் இரண்டாம் ஜான் பால் டோமில் நிகழ்த்திய திருப்பலிக்கு அரங்கத்திலும் அதையொட்டிய மாநாட்டுக் கூடங்களிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள். அமெரிக்காவில் ஒரே கூரையின் கீழ் நடந்த மிகப் பெரிய கூட்டங்களில் அது ஒன்று. வெளியே ஜனவரிக் குளிர். தனி மைதானமாகவோ தனி மண்டபமாகவோ இருந்திருந்தால் அது நடந்திருக்காது. அதே பயணத்தில் போப் கேட்டுக்கொண்டதற்கிணங்க மாநில ஆளுநர் மெல் கார்னஹன், மரண தண்டனைக்குக் காத்திருந்த டாரல் மீஸ் என்ற கைதியின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்.

2005-ல் கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதிச் சுற்று, 2011 முதல் சில ஆண்டுகள் பள்ளி மாணவர்களின் உலக ரோபோ போட்டி என்று பெரிய நிகழ்ச்சிகள் வந்தன. ரோபோ போட்டி இந்த வளாகத்துக்காகவே அளவெடுத்துத் தைத்தது போன்றது. மாநாட்டுக் கூடங்களில் அணிகள் கருவிகளைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்க்கும், டோமில் இறுதிப் போட்டி நடக்கும், இடையில் குடை பிடிக்காமல் நடந்து போகலாம்.

ஆனால் மாநாட்டு வியாபாரத்துக்கு ஒரு நியதி உண்டு. பெரிய மருத்துவச் சங்கமோ தொழில் அமைப்போ ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே கூடத்தைப் பதிவு செய்துவிடும். கால்பந்து லீக்கோ செப்டம்பரில் தொடங்கும் பருவத்துக்கான அட்டவணையை அந்த ஆண்டு வசந்த காலத்தில்தான் வெளியிடும். எந்த ஞாயிறு யாருக்கு என்று அதுவரை தெரியாது. எனவே இலையுதிர் கால வார இறுதிகளை எல்லாம் அணிக்காக ஒதுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவோ மாநாடுகளுக்கும் உகந்த காலம். ஆண்டுக்குப் பத்து நாள் வரும் விருந்தாளிக்காக நான்கு மாதம் கூடத்தைப் பூட்டி வைத்ததுதான் மிச்சம். மாநாட்டுக்காரர்களுக்கென்று 2003-ல் அரசு ஆதரவோடு திறந்த பெரிய ஓட்டலும் கடனைக் கட்ட முடியாமல் 2009-ல் கடன்காரர்கள் கைக்குப் போனது. அதற்குக் கால்பந்து மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். எல்லா ஊரும் மாநாட்டு மையத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்த காலம் அது.

அரங்கத்தின் பெயரும் இந்த நிலையின்மைக்கு ஒத்து ஊதியது. முதலில் 'டிரான்ஸ் வேர்ல்ட் டோம்', அந்த விமான நிறுவனம் 2001-ல் விற்கப்பட்டு மறைந்தது. பிறகு 'எட்வர்ட் ஜோன்ஸ் டோம்', அது முதலீட்டு ஆலோசனை நிறுவனம். இப்போது 'டோம் அட் அமெரிக்காஸ் சென்டர்'. ஆட்டோ ஓட்டுநர் பழைய பெயரையே சொல்வார் என்பது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை போலும்.

2005-ன் தகுதிக் கெடுவை அணி பெரிதுபடுத்தவில்லை. சுமார் 3 கோடி டாலர் செலவில் புதிய திரைகள், கொஞ்சம் ஒப்பனை என்று சமாதானமாகிவிட்டது. 2008-ல் ஃபிரான்டியர் இறந்தார். பிள்ளைகள் அணியை விற்க முடிவு செய்தார்கள். வாங்க வந்தவர் பாகிஸ்தானில் பிறந்து இல்லினாய்ஸில் தொழில் வளர்த்த ஷாஹித் கான். ஆனால் பங்குதாரர் என்ற முறையில் குரோன்கிக்கு முதல் உரிமை இருந்தது. 2010-ல் அதைப் பயன்படுத்தி முழு அணியையும் எடுத்துக்கொண்டார். கான் பிறகு ஜாக்சன்வில் அணியை வாங்கினார். 1993-ல் செயின்ட் லூயிஸின் இடத்தைத் தட்டிக்கொண்டு போன அதே ஜாக்சன்வில் இன்றும் அவரிடம்தான் இருக்கிறது, அதே ஊரில்தான் இருக்கிறது.

குரோன்கி மிசௌரிக்காரர். அவர் பெயரான ஈனஸ் ஸ்டான்லி என்பதே செயின்ட் லூயிஸ் பேஸ்பால் நாயகர்கள் ஈனஸ் ஸ்லாட்டர், ஸ்டான் மியூசியல் இருவர் நினைவாக வைத்தது. நம்மவர் என்று ஊர் நிம்மதியாக இருந்தது. 2012-ல் குத்தகை விதிப்படி அரங்கத்தை மேம்படுத்தும் திட்டத்தை, மாநாட்டு மையத்தை நடத்தும் மாநாட்டு, பயணிகள் ஆணையம் முன்வைத்தது: 12.4 கோடி டாலர். ராம்ஸ் தன் பதில் திட்டத்தைக் கொடுத்தது: கிழக்குச் சுவரை இடித்து வெளியே தள்ளுவது, புதிய கூரை போடுவது என்று சுமார் 70 கோடி டாலர். அரங்கம் கட்டிய செலவைப் போல இரண்டரை மடங்கு! வேலை நடக்கும் காலம் முழுவதும் மாநாட்டு வியாபாரம் முடங்கும் என்று நகரத் தரப்பு அலறியது. இரண்டு கட்டடங்களை ஒட்ட வைத்ததன் இன்னொரு வினை இது. ஒன்றின் சுவரில் கைவைத்தால் மற்றதற்கு மூச்சுத் திணறும். 2013 பிப்ரவரியில் நடுவர்கள் ராம்ஸ் பக்கம் தீர்ப்பளித்தார்கள். பத்திரத்தில் எழுதியிருந்ததைத்தான் அவர்கள் படித்தார்கள். தீர்ப்பில் தவறில்லை என்பதே என் எண்ணம். 70 கோடியைச் செலவிட நகரத்தரப்பு மறுத்ததிலும் தவறில்லை.

அதற்குள் ஆட்டமும் சீரழிந்திருந்தது. 2007 முதல் 2011 வரை ஐந்து பருவங்களில் 15 வெற்றி, 65 தோல்வி. 2014 நவம்பர் 30 அன்று மட்டும் டோம் நாடு முழுவதும் பேசப்பட்டது, அதுவும் ஆட்டத்துக்காக அல்ல. பக்கத்துப் பகுதியான ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் போலீஸால் சுடப்பட்ட வழக்கில் குற்றச்சாட்டு இல்லை என்று முடிவான வாரம் அது. ராம்ஸ் வீரர்கள் ஐந்து பேர் இரு கைகளையும் உயர்த்தியபடி களத்துக்குள் வந்தார்கள்.

2014 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய இங்கிள்வுட்டில் குரோன்கி 60 ஏக்கர் வாங்கிய செய்தி வந்தபோதே விவரம் தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் ஆளுநர் ஜே நிக்சன் அமைத்த குழு ஆற்றங்கரையில் சுமார் 110 கோடி டாலரில் புதிய அரங்கத் திட்டம் ஒன்றைத் தயாரித்தது. திட்டம் தீட்டவே 1.6 கோடி டாலருக்கு மேல் செலவு. 2016 ஜனவரி 12 அன்று அணி முதலாளிகள் 30–2 என்று வாக்களித்து இடமாற்றத்தை அங்கீகரித்தார்கள். லீக்குக்கு ராம்ஸ் கட்ட வேண்டிய கட்டணம் 55 கோடி டாலர். குடியிருந்தவர் போன பிறகும் டோமின் கடனும் பராமரிப்புமாகப் பத்துக் கோடி டாலருக்கு மேல் பொதுப் பணத்திலிருந்து கட்ட வேண்டியிருந்தது.

இங்கேதான் நீங்கள் கேட்ட "பெருந்தொகை" வருகிறது. குத்தகையை வைத்து நகரம் வழக்குப் போட்டிருக்க முடியாது. குத்தகை ராம்ஸின் பக்கம் இருந்தது. வழக்கறிஞர்கள் பிடித்தது வேறு காகிதம். ஓர் அணி ஊர் மாறுவதற்கு லீக்கே 1984-ல் வகுத்த நெறிமுறைகளில், போகுமுன் இருக்கும் ஊரோடு நல்லெண்ணத்தோடு பேசிப் பார்க்க வேண்டும் என்றொரு விதி இருக்கிறது. அந்த விதி எங்களைக் காக்கத்தான் எழுதப்பட்டது, அதை மீறிவிட்டு எங்களை வீணாகத் திட்டம் போட வைத்தீர்கள் என்று 2017-ல் நகரம், கவுன்டி, 1989-ல் உருவான வளாக ஆணையம் மூவரும் லீக் மீதும் 32 அணிகள் மீதும் வழக்குத் தொடுத்தார்கள். வெற்றி பெறும் என்று அப்போது அதிகம் பேர் நம்பவில்லை. ஆனால் வழக்கு செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்திலேயே நின்றது, தள்ளுபடி முயற்சிகள் பலிக்கவில்லை. நீதிபதி முதலாளிகள் சிலரின் சொத்துக் கணக்கையே கேட்டார். 2022 ஜனவரியில் உள்ளூர் ஜூரிகள் முன் விசாரணை தொடங்கவிருந்தது. அணியை இழந்த ஊரில் நடுநிலையான ஜூரியைத் தேடுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2021 நவம்பர் 24 அன்று எதிர்த்தரப்பு 79 கோடி டாலருக்குச் சமாதானம் செய்துகொண்டது.

அதில் சுமார் 27.6 கோடி வழக்கறிஞர்களுக்குப் போனது. மீதியில் நகரத்துக்கு 25 கோடி, கவுன்டிக்கு 16.9 கோடி, ஆணையத்துக்கு 7 கோடி, மாநாட்டு மைய விரிவாக்கத்துக்கு 3 கோடி. பங்கு பிரிக்கவே ஓராண்டு எடுத்தது. பங்காளிகள் என்று முன்பே சொன்னேன் அல்லவா. சமாதானம் முடிந்து மூன்று மாதத்துக்குள் ராம்ஸ் தன் புதிய அரங்கத்திலேயே சூப்பர் பவுல் வென்றது. செயின்ட் லூயிஸில் அன்று டிவியை அணைத்து வைத்தவர்கள் நிறைய.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இதே யோசனையை இண்டியானாபொலிஸும் செயல்படுத்தியது. மாநாட்டு மையத்தோடு ஒட்டி 1984-ல் ஹூசியர் டோம் கட்டினார்கள், பால்டிமோர் அணி இரவோடு இரவாக லாரிகளில் சாமானை ஏற்றிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தது. டோம் பழையதானபோது அதை இழுத்துப் பிடித்துப் பழுது பார்க்கவில்லை. பக்கத்தில் புதிய அரங்கம் கட்டி, 2008-ல் பழையதை இடித்து, அந்த மனையை மாநாட்டு மைய விரிவாக்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அணியும் இருக்கிறது, மாநாடும் நடக்கிறது. மக்கள் வரிப்பணம் ஏராளமாகச் செலவானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அட்லாண்டாவில் 1992-ல் மாநாட்டு வளாகத்தில் எழுந்த ஜார்ஜியா டோம் 2017-ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது, வயது 25. சான் டியேகோவில் இரண்டையும் ஒன்றாக்கிக் கட்டும் திட்டத்துக்கு 2016-ல் மக்கள் வாக்கெடுப்பில் தோல்வி. அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே அந்த அணியும் லாஸ் ஏஞ்சலிஸ் போனது.

என் முடிவு இது: ஒட்டிக் கட்டுவதில் பெரிய பிழை இல்லை, இரண்டின் ஆயுளும் ஒன்று என்று கணக்குப் போடுவதுதான் பிழை. மாநாட்டுக் கூடத்தை ஐம்பது ஆண்டுகள் ஓட்டலாம்; கம்பளம், விளக்கு, ஏர்கண்டிஷன் மாற்றினால் போதும். லாபம் தேடும் கால்பந்து முதலாளிக்கு இருபது ஆண்டிலேயே அரங்கம் பழையது. 30 ஆண்டுக் கடன் வாங்கி அதைக் கட்டுகிறவர், கடன் முடியும் வரை குடியிருப்பவரைப் பிடித்து வைக்கும் பத்திரம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். செயின்ட் லூயிஸுக்கு அது தெரியாமல் இல்லை. 1995-ல் எழுதும் நிலையில் இல்லை.

டோம் இன்னும் நிற்கிறது, சும்மாவும் இல்லை. இலையுதிர் கால வார இறுதிகள் மாநாட்டுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன. 2021 செப்டம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ், தங்கள் டிரம்மர் சார்லி வாட்ஸ் இறந்த ஒரு மாதத்தில், சுற்றுப்பயணத்தை அங்கே மீண்டும் தொடங்கினார்கள். வசந்த காலத்தில் சிறு கால்பந்து லீக் ஒன்றின் பேட்டில்ஹாக்ஸ் அணி விளையாடுகிறது. பெரிய லீக் வேண்டாம் என்று ஒதுக்கிய ஊரில் 2024-ல் அதன் முதல் சொந்த ஊர் ஆட்டத்துக்கு 40,000 பேருக்கு மேல் வந்து, காக்கை போலக் கரைந்து உற்சாகப்படுத்தினார்கள். 2024-லும் 2025-லும் அந்த லீக்கின் இறுதிப் போட்டியே டோமில்தான் நடந்தது.

நகரத்துக்கு வந்த 25 கோடியை எதற்குச் செலவழிப்பது என்று ஆண்டுக்கணக்கில் விவாதம் நடந்தது. 2025 மே 16 அன்று சூறாவளி நகரத்தின் வடபகுதி வீடுகளைக் கிழித்துப் போட்டது. பல கூரைகள் பறந்துபோயின. நகர மன்றம் அந்தப் பணத்துக்குச் சேர்ந்த வட்டியிலிருந்து 3 கோடி டாலரைச் சூறாவளி நிவாரணத்துக்கு ஒதுக்கியது.